ஆகஸ்டில் நாற்காலியோடு வரவும்

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகப் பிறந்தது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இது மேல்.

ஓய்வுபெற்றவர்களுக்கான ஓர் இணைய இதழ், பெயர் தேவையில்லை, என்னிடம் கட்டுரை கேட்டது. வெயில் காயும் எல்லையோரத்தில் குறைந்த செலவில் முதுமையைக் கழிக்க ஏழு ஊர்கள். ஊருக்கு ஒரு பத்தி. வாடகை, மருத்துவமனை, வானிலை, கடைசியில் உள்ளூர் மக்களைப் பற்றி இனிப்பாக ஒரு வரி. நான் அந்தப் பக்கத்துக்காரி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது; அது வேறு ஒன்றும் செய்யவில்லை. சரி என்றேன்.

மூன்றாவதாக எங்கள் ஊரை வைத்தேன். சான் லூயிஸ். எல்லை வேலிக்கு வடக்கே அரிசோனாவில் சின்ன சான் லூயிஸ், தெற்கே அடுத்த நாட்டில், சொனோராவில், பெரிய சான் லூயிஸ். ஒரே பெயர், நடுவில் இரும்பு. எழுதினேன்:

"இங்குள்ள மக்கள் சிநேகமானவர்கள். எளிமையானவர்கள். எப்போதும் புன்னகையோடு—"

அங்கே விரல் நின்றுவிட்டது. உள்ளூர் மக்கள் என்றால் யார்? என் அம்மா. அவள் சிநேகமானவள் இல்லை. புன்னகையை அவள் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுப்பாள், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்காகச் சாப்பாடு போட்டால். எளிமை என்கிற சொல்லை அவள் காதில் போட்டால் "யாரைச் சொல்ற?" என்பாள்.

அதே மாதம் அம்மாவும் முதுமையைக் கழிக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாள். ஏழு ஊர்ப் பட்டியலில் அவளுக்கு இடம் இருந்தது: வருகிறவர்களின் முற்றத்தைக் கூட்டுவதற்கு. "வீட்டு வேலைக்கு ஆள் மலிவாகக் கிடைக்கும்" என்று நானே எழுதியிருந்தேன். என் கையால்.

பட்டியலை மூடினேன். இதைத் திறந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"ஏப்ரல் விடியலில் ஹெர்லிண்டா தனியாக நின்றாள். அவள் கண்களில்—"

(அம்மாவின் கண்களில் ஒன்றும் இல்லை. பீளைகூட இல்லை. முகம் கழுவியிருந்தாள்.)

இரண்டாவது முயற்சி:

"முப்பத்தெட்டு ஆண்டுகள் குனிந்தே வாழ்ந்த ஒரு முதுகின் கதை இது."

கல்லூரியில் எழுத்துப் பட்டறை நடத்தியவருக்கு இது பிடித்திருக்கும். அங்கே ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்பார்கள், அம்மா அழும் காட்சி எங்கே என்று. இந்த வரியை நான் அம்மாவிடம் போனில் சொன்னேன். "முதுகுக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் வலி" என்றாள். "அப்புறம், குனிஞ்சே வாழ்ந்தேன்னு எழுதாத. சாயங்காலம் நிமிர்ந்துதானே வீட்டுக்கு வந்தேன்."

மூன்றாவது. இது நிற்கும்.

ஹெர்லிண்டா வால்டோவினோஸ் அந்த ஏப்ரலில் பேருந்து ஏறவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை லெட்டூஸ் கீரை எங்கள் பாலைவனத்தில் விளையும். வெயில் ஏறினதும் கீரை வடக்கே சாலினாஸ் பள்ளத்தாக்குக்குப் போய்விடும், கூடவே வெட்டுகிறவர்களும். எல்லா வருடமும் அப்படித்தான். கூட்டத்தை ஏற்றும் பேருந்து அவள் வாசலில் நின்று பழக்கதோஷத்தில் ஒலி எழுப்பியது. ஹெர்லிண்டா காப்பிக் குவளையோடு வெளியே வந்தாள், அணிவகுப்பை ஏற்கும் தளபதி மாதிரி. போ என்று கையைக் காட்டினாள். ஓட்டுநர் போகவில்லை. அவளுடைய சன்னலோர இருக்கையில் யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். கடைசியில் அவளே போய் பேருந்தின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள், வயலில் பெட்டி நிறைந்ததும் லாரியைத் தட்டுவது போல. அப்புறம்தான் கிளம்பியது.

அழவில்லை. உள்ளே போய் இன்னொரு காப்பி போட்டாள்.

அவள் வெட்டு எப்படி இருக்கும் என்று இங்கே எழுதியாக வேண்டும். ஒரே வெட்டு. கத்தி மண்ணைத் தொடாது, கீரையின் வெளி இதழ் கிழியாது, இடது கையில் கீரை உருண்டை திரும்பும்போதே பழுத்த இலை கீழே விழுந்திருக்கும். மேஸ்திரி அவளைத்தான் வரிசைக்கு முன்னால் நிறுத்துவார், மற்றவர்கள் அவள் வேகத்தைப் பிடிக்கட்டும் என்று. ஜனவரியில் இந்த நாட்டில் யார் எந்த மேசையில் பச்சைக் கீரை தின்றாலும் அது எங்கள் மண்ணில் யாரோ குனிந்து எடுத்தது. பாதி நாட்டுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றுகூட அம்மா நினைத்ததில்லை. நான் நினைக்கிறேன்.

3

மகளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்.

'நான்' என்று எழுதினால் என்னையறியாமல் நான் நல்லவளாகிவிடுவேன்; கடைசிப் பக்கத்தில் அம்மாவை அணைத்துக்கொண்டுகூட நிற்பேன். எனவே மகள் பெயர் யரேலி. யரேலி நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவளை நான் திட்டலாம்.

யரேலி டூசான் நகரத்தில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அம்மாவுக்காக ஒரு அறையைக் காலி செய்தாள், திரைச்சீலை வாங்கினாள், அவசரத்துக்கு அழுத்தும் பொத்தான் ஒன்றுகூடச் சுவரில் ஒட்டினாள். ஹெர்லிண்டா வந்து பார்த்தாள். சன்னலைத் திறந்தாள். கார் நிறுத்துமிடம் தெரிந்தது. மூடினாள்.

"நல்ல அறை" என்றாள். "யாரு தங்கப்போறா?"

யரேலிக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வரும். பட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தது அது. அம்மா இப்போது இருக்கும் வீடு என்ன பெரிய வீடா என்று கேட்டாள். வடக்கு சான் லூயிஸில், நடுச்சுவர் வைத்துப் பிரித்த ஒரு பாதி வீடு. வயல் கூட்டத்துக்கென்றே வாடகைக்கு விடுவது. நவம்பரில் கூட்டம் திரும்பும்போது வீட்டுக்காரருக்கு அந்த இடம் வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது. வேலை விட்டவளுக்கு இல்லை. அதற்குள் ஒரு முடிவு வேண்டும், இல்லையென்றால் இந்த அறை, இந்தப் பொத்தான்.

ஹெர்லிண்டா பொத்தானைப் பார்த்தாள். "இதை அமுக்குனா யாரு வருவா?"

"நான் வருவேன்மா."

"நீ ஆபீஸ்ல இருப்ப."

அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டாள்.

4

இது நடக்காமல் இந்தக் கதை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மே மாதம், தெற்கு சான் லூயிஸில் குக்காவின் முற்றம். குக்கா யரேலியை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய். அந்த உறவில் ஹெர்லிண்டாவும் அவளும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டே கிழவியானவர்கள். குக்கா வயலுக்குப் போனதில்லை. சந்தை ஓரத்தில் பொரித்த மீன் விற்றாள், வருடம் முழுக்க அதே இடத்தில்.

கரியில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஹெர்லிண்டா கையில் பியர். பனிப்பறவைகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். குளிருக்குப் பயந்து நவம்பரில் சக்கரம் வைத்த வீட்டோடு வந்திறங்கி, ஏப்ரலில் கிளம்பிவிடும் வடக்கத்திக் கிழவர் கிழவிகளுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவர்கள் எப்படி மூட்டை கட்டுவார்கள், நாய்க்குக்கூட எப்படித் தனி இருக்கை போடுவார்கள் என்று நடித்தே காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"வெயில்னா என்னன்னே தெரியாத ஜன்மங்க. வண்டிக்குப் பின்னால 'பாலைவன எலி'ன்னு ஸ்டிக்கர் வேற" என்றாள்.

குக்கா கல்லில் ரொட்டியைத் திருப்பினாள். தலை நிமிரவில்லை.

"நீ எத்தன ஆகஸ்ட் பாத்திருக்க கொமாத்ரே?"

"என்ன கேள்வி இது. நான் இந்த ஊர்க்காரி."

"நவம்பர்ல வர்ற, ஏப்ரல்ல போற. ஆகஸ்ட் மாசம் சாலினாஸ் பனிமூட்டத்துல ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்குற. நீயும் பனிப்பறவைதான். அவங்க செலவழிக்க வர்றாங்க, நீ சம்பாதிக்க வர்ற. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல."

குக்காவின் கணவர் ஐஸ் வாங்கி வருகிறேன் என்று எழுந்துபோனார். பெட்டி நிறைய ஐஸ் இருந்தது.

ஹெர்லிண்டா பியரைக் கீழே வைத்தாள். முப்பத்தெட்டு வருடமாகச் சொந்த ஊர் என்று சொல்லிவந்த ஊரில் ஒரு கோடையைக்கூட அவள் முழுசாக இருந்து பார்த்ததில்லை. இதை யாரும் அதுவரை கணக்குப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் பள்ளிக்கூடக் கோடைகள் எல்லாம் சாலினாஸ் மூடுபனியில் போனவை.

"ஆகஸ்ட் வரட்டும்" என்றாள். அன்று இறைச்சியை வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டாள்.

5

(வேகமாகப் போகிறேனா? இந்த இடத்தில் வேலியைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்வார். வேலி இருக்கிறது. அம்மா அதை வானிலை மாதிரி வைத்திருக்கிறாள்: இன்றைக்கு வரிசை நீளம், இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அவ்வளவுதான் தருவேன்.)

எங்கள் ஊரில் வீடு பார்ப்பது ஆகஸ்டில். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி அதற்கும் ஒரு முறை உண்டு. சொந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். உச்சி சாய்ந்த பிறகு, மூன்று மணி வாக்கில், அந்த வீட்டில் உட்கார வேண்டும். பொழுது இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. சுவர் எந்தப் பக்கம் கொதிக்கிறது, கூரை என்ன சத்தம் போடுகிறது, கரண்டு போனால் எப்போது வருகிறது, குழாயில் வருவது தண்ணீரா கொதிநீரா, எல்லாம் உட்கார்ந்தால் தெரியும். வீட்டுக்காரர் ஜனவரியில் வந்து பாருங்கள் என்றால் அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பனிப்பறவைகள் ஜனவரியில்தான் வாங்குகிறார்கள். அதனால்தான் ஊரில் அடுப்பாகக் கொதிக்கும் வீடெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. நான் எழுதவிருந்த பட்டியலும் ஜனவரி இதழுக்குத்தான்.

ஹெர்லிண்டாவுக்கு இந்த முறை தெரியும். அடுத்தவர்களுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். தன் நாற்காலியைத் தூக்கியதுதான் இல்லை.

அவள் கைக்கு எட்டிய வீடுகள் இரண்டு.

தெற்கே, குக்கா தெருவில், கல்கட்டு வீடு. இரண்டு அறை, ஓர் எலுமிச்சை மரம். அக்கம்பக்கம் பேச்சுத் துணை, பண்டிகை, மீன். ஆனால் அறுபத்தைந்தில் வந்த அரசாங்க மருத்துவ அட்டை வேலியைத் தாண்டினால் வெறும் அட்டை. முட்டிக்கு ஊசி போட ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டும். யரேலி பார்க்க வந்தாலும் திரும்பிப் போகும்போது வரிசை.

வடக்கே, பருத்திக்காட்டு விளிம்பில், மணல் மனையில் ஒரு பழைய டிரெய்லர் வீடு. அட்டை செல்லும், யரேலி நேராகக் காரில் வருவாள். ஆனால் கோடையில் அந்தத் தெரு முழுக்க சாலினாஸுக்குப் போயிருக்கும். நாய்களைக்கூடக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதுவரை அவள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் காலை ஒன்று மாலை ஒன்று என்று இருந்தவள். இனி எங்கே உட்காருகிறாளோ அந்தப் பக்கம்.

6

முதலில் டிரெய்லர்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். காற்றே கனத்துப்போயிருந்தது, கடல் பக்கத்திலிருந்து ஈரம் வரும் மாதம், ஏர்கூலர் வெந்நீர்க் காற்றைத்தான் ஊதும். ஹெர்லிண்டா நாற்காலியை வைத்து உட்கார்ந்தாள். அவள் போட்டிருந்ததைச் சொல்ல வேண்டும்: முழுக்கைச் சட்டை, அதன்மேல் இன்னொரு சட்டை, கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிய கைக்குட்டை, மேலே தொப்பி. வயல் உடுப்பு. வெயிலுக்கு என்று அவளுக்குத் தெரிந்த உடுப்பு அது ஒன்றுதான். மூடிய டிரெய்லருக்குள் அதோடு உட்கார்ந்தாள். வெயிலைப் பார்க்க அல்ல, வெட்டிச் சாய்க்க வந்தவள் மாதிரி.

கொஞ்ச நேரம்தான். சன்னல் கண்ணாடியில் அழுக்கு தெரிந்தது. எழுந்து துடைத்தாள். கண்ணாடி துடைத்தவளுக்குத் தரை தெரிந்தது. தரை முடித்தவள் வெளியே போய், பக்கத்து மனையில் யாரோ விட்டுப்போன குப்பையைக் கூட்டி ஓரமாகக் குவித்தாள். திரும்பி வந்தபோது நாற்காலி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

(நாற்காலி பார்த்தது என்று எழுதக் கூடாது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். வேறு யார் பார்த்தார்கள்? தெருவே காலி.)

அடுத்த வாரம் கல்கட்டு வீடு. அதே உடுப்பு. குக்கா கூட வந்திருந்தாள்: உள்பாவாடை, தோளில் நனைந்த துண்டு, வாளித் தண்ணீரில் இரண்டு கால், கையில் புளிச்சாறு ஊற்றிய ஐஸ் துருவல். ஹெர்லிண்டாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சவ அடக்கத்துக்கு வந்த மாதிரி இருக்க."

"நீ பிரசவத்துக்கு வந்த மாதிரி இருக்க" என்றாள் ஹெர்லிண்டா.

கரண்டு போயிற்று. கூரைத் தகடு ஒருமுறை முறிவது போலச் சத்தம் போட்டது. ஹெர்லிண்டா எழுந்தாள். எலுமிச்சை மரத்துக்கடியில் களை இருந்ததாம். குக்கா தடுக்கவில்லை. ஐஸை முடித்துவிட்டு, வாளியிலிருந்து காலை எடுக்காமலே சொன்னாள்: "வெயிலு உனக்குப் பிரச்சினை இல்ல கொமாத்ரே. வெயில்ல நீ மாடு மாதிரி வேலை செய்வ. சும்மா இருக்கத்தான் உனக்கு வராது. அதுக்குத்தானே ஓய்வுன்னு பேரு."

ஹெர்லிண்டா கையில் களையோடு நின்றாள். அவளுக்கு ஒன்று வராது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் என் முன்னால் இருந்தன. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவள் வெயிலில் மயங்கி விழுகிறாள். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்று—

(அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நான் எப்ப விழுந்தேன்?" விழவில்லை, இது கதை என்றேன். "கதையிலயும் நான் விழமாட்டேன். வேணும்னா குக்காவை விழ வை." குக்காவிடம் கேட்டேன். அவளும் ஒத்துக்கொள்ளவில்லை.)

முடிவு ஆ: யரேலி அவளை டூசானுக்கு அழைத்துப் போகிறாள். சுவரில் இருக்கும் பொத்தான் மேல் மாலை வெளிச்சம்—

(இதைப் படித்துக்காட்டவே இல்லை. எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

முடிவு இ: கடைசியில் பேருந்தைப் பிடித்து சாலினாஸுக்கே போய்விடுகிறாள். தன் சன்னலோரத்தில் உட்கார்ந்து—

இதற்கு அம்மா கோபித்துக்கொண்டாள். உண்மையான கோபம். "அந்த வேலைய நான் நல்லா செஞ்சேன். நல்லா செஞ்சு முடிச்சேன். முடிச்ச வேலைக்கு எவளாவது திரும்பப் போவாளா? என்னைப் போக்கிடம் இல்லாதவளா எழுதாத. ஐயோ பாவம்னு எவனாவது படிச்சிட்டுச் சொன்னான்னா உன் கையை உடைப்பேன்."

அதனால் நடந்ததையே எழுதுகிறேன். இட்டுக்கட்டியது எதுவும் அதைவிடப் பெரிதாக இல்லை.

8

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஹெர்லிண்டா குக்காவைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டாள். யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவள் தோற்றவள். தோற்றவள் வருடம் முழுக்க மற்றவளைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும், ஊர் கேட்க. குக்கா இதற்கெல்லாம் நேரமில்லை என்றாள். பிறகு தன் நாற்காலியில் தலையணை கட்டிக்கொண்டு வந்தாள்.

எந்த வீட்டு முன்னால்? பொறுங்கள்.

யரேலியும் டூசானிலிருந்து வந்தாள், கார் டிக்கியில் மடக்கு நாற்காலியோடு. மூன்று நாற்காலியையும் சுவரோரம் வரிசையாகப் போட்டார்கள். சுவர் முதுகில் அடுப்பு மாதிரி இருந்தது. பேசினால் வாய் காய்ந்தது.

முதலில் தோற்றது யரேலி. பட்டம், கோபம், எல்லா உறுதியும் சேர்ந்து அவளை அரைமணி நேரம்கூடப் பிடித்துவைக்கவில்லை. காருக்குள் ஓடி ஏசியைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரண்டு பெண்களும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அவள் போட்டியிலேயே இல்லை.

ஹெர்லிண்டா அன்றும் வயல் உடுப்பில்தான் வந்திருந்தாள். ஒரு கட்டத்தில் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். மடித்து மடியில் வைத்தாள். அப்புறம் மேல்சட்டை. அப்புறம் ஒவ்வொன்றாகக் காலணி, காலுறை. அவள் கால்கள் வெள்ளையாக இருந்தன. முகமும் கையும் கருத்துத் தடித்த ஒரு பெண்ணுக்கு யாருடைய கால்களோ மாட்டியிருந்த மாதிரி. அந்தக் கால்களை மண்ணில் வைத்து, விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

குக்காவின் போன் அடித்தது. மருமகள். அடுப்பில் அவரைக்கொட்டை அடிப்பிடிக்கிறதாம், உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டாள். குக்கா போனிலேயே கத்திப் பார்த்தாள். மருமகளுக்குப் புரியவில்லை. குக்கா எழுந்து நடந்துகொண்டே கத்தினாள். எழுந்துவிட்டோம் என்பது நான்கு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நின்றாள். திரும்பினாள்.

"இது கணக்குல இல்ல" என்றாள்.

ஹெர்லிண்டா தொப்பியை முகத்தில் சரித்திருந்தாள். குக்கா கிட்டே வந்து தொப்பியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு காரிலிருந்த யரேலியைக் கையைக் காட்டி அழைத்தாள்.

வாய் திறந்திருந்தது. குறட்டை. கையிரண்டும் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, கத்தி பிடித்த விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் வளைந்தே. என் அம்மா பகல் வெளிச்சத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் எழுவதற்கு முன் போவாள், வந்ததும் அடுப்பு, நான் தூங்கிய பிறகு படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை துவைப்பாள். தூங்கும்போது அவளுக்கு எப்படிப்பட்ட முகம் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். சொல்லட்டுமா? ராணி மாதிரி இருந்தாள். வரி கட்ட வந்தவனைக் காக்கவைத்துவிட்டுத் தூங்கும் ராணி.

(யரேலி என்று எழுதியிருக்க வேண்டும். விடுங்கள்.)

குக்காவும் நானும் நின்றுகொண்டே இருந்தோம். வெயில் இறங்கும்வரை.

கண் விழித்ததும் முதலில் குக்காவின் நாற்காலியைப் பார்த்தாள். காலி.

"தூங்கல" என்றாள். "கண்ணை மூடிட்டிருந்தேன்."

"தெரியும்" என்றாள் குக்கா. அவரைக்கொட்டை கருகின கோபத்தையும் கூட்டி, பல்லைக் கடித்துச் சேர்த்தாள்: "பெரியம்மா."

ஹெர்லிண்டா காலுறையைப் போடவில்லை. வெறுங்காலோடு எழுந்து வீட்டுக்குள் போனாள், சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டு, கதவை ஒரு தட்டு. பெட்டி நிறைந்ததும் தட்டும் அதே தட்டு. வீட்டுக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

9

எந்த வீடு?

எழுதி வைத்திருந்தேன். தெரு, பக்கம், எல்லாம். அதோடுதான் கதையை முடித்திருந்தேன். போன வாரம் அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். குறட்டை வரும் இடத்தில் மறுத்தாள், பிறகு ராணியைக் கேட்டுவிட்டுக் குறட்டையை அனுமதித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இதை யாரு படிப்பாங்க?"

எல்லோரும் படிப்பார்கள் என்றேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் பொய்.

"அப்ப எந்தப் பக்கம்னு போடாத. மலிவா இருக்கு, நல்லா தூக்கம் வருதுன்னு நீயே எழுதியிருக்க. ஜனவரியில வண்டி வண்டியா வந்து நிப்பாங்க. அடுத்த வருஷம் குக்கா தெருவுக்கும் வாடகை ஏறும், பருத்திக்காட்டுக்கும் ஏறும். பத்தி எழுதித்தான ஊரை விக்கறாங்க. நீ விக்காத."

பட்டம் வாங்கிய பிறகு என் எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மதிப்புரைகளில் இதுவே நீளமானது.

கடைசி வரியை எடுத்துவிட்டேன். இணைய இதழுக்கும் எழுதிவிட்டேன், மூன்றாவது ஊர் பட்டியலில் இல்லை, ஆறோடு திருப்திப்படுங்கள் என்று. அவர்கள் ஏழாவதாக வேறு யாரோ ஒருவருடைய அம்மாவைப் போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு மகள் இருப்பாள் என்று நம்புகிறேன், என்னைப் போல வாய்த்துடுக்குக்காரியாக.

எனவே இந்தக் கதையின் முடிவில் ஒரு முகவரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது:

__________

நிரப்பித்தான் ஆகவேண்டும் என்று உங்களுக்கு இருந்தால், வழி சொல்கிறேன். ஜனவரியில் வராதீர்கள். ஆகஸ்டில் வாருங்கள். வரிசையில் நில்லுங்கள், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, உங்கள் பாஸ்போர்ட் எங்கே மதிக்கப்படுமோ அங்கே. சொந்த நாற்காலி கொண்டுவாருங்கள். இங்கே யாரும் தரமாட்டார்கள். மூன்று மணிக்கு ஒரு சுவரோரமாகப் போட்டு உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள். பொழுது இறங்கும்போது நீங்கள் இன்னும் அங்கேயே இருந்தால், ஏதோ ஒரு கதவு திறந்து வெறுங்காலோடு ஒரு பெண் வெளியே வந்து உங்களை மேலும் கீழும் பார்ப்பாள்.

புன்னகைக்கமாட்டாள். காப்பி கொடுக்கலாம்.